நெல்லையில் ஒரு பாட்டுக் கடை

திருநெல்வேலிக்குப் பிரயாணம் செய்கிறவர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். நெல்லையப்பரையும் காந்திமதி அம்மனையும் தரிசித்துவிட்டு அல்வா வாங்குகிறவர்கள் ஒரு வகை. அல்வாவை வாங்கிக்கொண்டு, ரயிலுக்கு நேரம் இருந்தால் தரிசனமும் செய்கிறவர்கள் மற்றொரு வகை. நானும் இவ்விரண்டையும் தவறாமல் செய்கிறவன்தான். ஆனால் கோயிலுக்கும் அல்வாவுக்கும் நடுவே, ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் நுழைந்து, மூன்று நான்கு மணி நேரம் காணாமற் போய்விடுவது என்னுடைய வழக்கம். வீட்டில் இதை ஒரு வியாதி என்றே தீர்மானித்துவிட்டார்கள்.

அந்தச் சந்தில் இருப்பது ஒரு பாட்டுக் கடை. கிராமபோன் தட்டுகள் விற்கும் கடை. கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதக் கூடாது என்று கடைக்கார அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பத்திரிகையில போட்டுராதிய தம்பி. அப்புறம் வாங்குறவன் எல்லாம் வந்து சேந்திருவான்" என்றார். வாங்குகிறவர்கள் வந்துவிடுவார்களே என்று அஞ்சும் வியாபாரியை வேறு எந்த ஊரிலாவது நேயர்கள் பார்த்ததுண்டா?

கடைக்குப் போகும் முன் கோயிலில் சற்று நிற்க வேண்டும். தெய்வ பக்திக்காக மட்டும் சொல்லவில்லை. நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்திலே பெரிய தூண் ஒன்றைச் சூழ்ந்து 48 சிறு தூண்கள் நிற்கின்றன. எல்லாம் ஒரே கல்லில் செதுக்கியவை. ஒவ்வொன்றையும் விரலால் மெல்லத் தட்டினால் ஒவ்வொரு விதமான நாதம் எழும். நான் சிறுவனாக இருந்தபோது காசால் தட்டிப் பார்ப்போம். அப்படி எத்தனை தலைமுறைச் சிறுவர்கள் தட்டினார்களோ, கல்லில் பல இடங்களில் தேய்ந்துபோயிருக்கிறது. இப்போது நான் தட்டுவதில்லை. பக்கத்தில் போய் நின்றுவிட்டு வருவதோடு சரி. கல்லுக்குள்ளே பாட்டை ஒளித்து வைக்கலாம் என்று கண்டுபிடித்த ஊர் இது. அரக்குக்குள்ளே ஒளித்து வைத்த பாட்டைத் தேடிக்கொண்டு இதே ஊருக்கு நான் வருவதில் என்ன ஆச்சரியம்?

தட்டு என்றால் இக்காலத்துக் குழந்தைகள் சோற்றுத் தட்டு என்றுதான் நினைப்பார்கள். ஆகையால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பழைய கிராமபோன் தட்டு அரக்கினால் ஆனது. தபால் உறைக்கு முத்திரை வைக்கிறோமே, அதே அரக்குத்தான். சோட்டா நாகபுரிக் காடுகளிலே பலாச மரத்திலும் பூவ மரத்திலும் ஒரு சிறு பூச்சி கசியவிடும் பிசின் அது. அதனுடன் கல் மாவும் புகைக்கரியும் கலந்து, சூட்டில் அழுத்தித் தட்டாக்குவார்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம் பாடலாம். கச்சேரி மேடையில் முக்கால் மணி நேரம் ஆலாபனை செய்யும் வித்துவான், இந்த மூன்று நிமிஷத்துக்குள் ராகத்தையும் காட்டிப் பாட்டையும் முடித்து நிமிர வேண்டும். சிலரால் இது முடிந்தது. முடியாதவர்களின் தட்டுகளில், கடைசிச் சரணத்திலே தாளம் ஓட்டமாக ஓடுவதைக் கேட்கலாம்!

1902-ஆம் ஆண்டு லண்டன் கம்பெனியின் ஆட்கள் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலானோரின் பாட்டைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். 1908-இல் கல்கத்தாவிலேயே தட்டு அழுத்தும் தொழிற்சாலை வந்தது. அரக்கு நம்முடையது, பாட்டு நம்முடையது, பாடியவர்கள் நம்மவர்கள், கேட்டவர்களும் நாமே. லாபம் மட்டும் கப்பல் ஏறிற்று. வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் ஓட்டிய சீமையிலே உட்கார்ந்து இதை நினைத்தால் சற்று உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனிக்காரர்கள் லாபத்துக்காக எடுத்துவைத்தபடியால்தான், போன தலைமுறைக்கு முந்தின தலைமுறையின் குரல்கள் நமக்குக் கிடைத்தன. அவற்றைக் காப்பாற்றி வைக்க நாம் என்ன செய்தோம் என்பது வேறு கேள்வி.

இனிக் கடைக்கு வருவோம். எட்டடி அகலம், இருபதடி நீளம். இரு பக்கச் சுவரிலும் தரையிலிருந்து உத்தரம் வரை தட்டுகள், நூலகத்துப் புத்தகங்களைப் போல விளிம்பில் நிற்கின்றன. படுக்க வைத்தால் பாரத்தில் விரிசல் கண்டுவிடும் என்பார் அண்ணாச்சி. உள்ளே ஒரு மர பெஞ்சு. மேஜை மீது சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டி ஒன்று, மின்சாரத்தில் ஓடுவது ஒன்று. பழைய காகிதமும் மரமும் அரக்கும் கலந்த ஒரு வாசனை. வாசலில் பெயர்ப் பலகை உண்டு. அதில் எழுத்து இல்லை, மழை கழுவிக்கொண்டு போய்விட்டது.

நான் முதலில் இந்தக் கடைக்கு வந்தது 1980-களில், காஸெட்டுகளின் காலத்தில். அப்போது தமிழ்நாட்டில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் ஒரு பாட்டுப் பதிவு நிலையம் இருக்கும். வேண்டிய பாட்டுக்களைக் காகிதத்தில் எழுதி, காலிக் காஸெட்டுடன் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் பதிவு செய்து தருவார்கள். அறுபது நிமிஷக் காஸெட்டில் எத்தனை பாட்டு அடங்கும் என்பதைக் கணக்கிட்டு எழுதுவது அக்காலத்து வாலிபர்களுக்கு ஒரு பெரிய கலை. நானும் ராப்பகலாக யோசித்து ஒரு பட்டியல் தயாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு பேனாவை எடுத்து மூன்று பாட்டுக்களை அடித்துவிட்டு, அந்த இடத்தில் வேறு மூன்றை எழுதினார். எனக்குக் கோபமான கோபம்! காசு கொடுப்பவன் நான் அல்லவா?

"கேட்டுப்பிட்டுப் பேசுங்க தம்பி" என்றார் அவர்.

கேட்டேன். என் பட்டியலிலிருந்த பாட்டுக்கள் எவை என்பது இன்று எனக்கு நினைவில்லை. அவர் எழுதிய மூன்றும் நினைவில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். அதுவரை நாதஸ்வரம் என்றால் கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போகும்போது பின்னால் கேட்கும் சத்தம் என்றே நான் எண்ணியிருந்தேன்.

இந்தக் கடையின் ருசி என்ன என்று என்னை யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். வேண்டியதை வாங்க ஆயிரம் கடை இருக்கிறது. இப்போது கடைகூட வேண்டியதில்லை. கைப்பேசியில் பெயரைச் சொன்னால் பாட்டு வந்து நிற்கிறது. ஆனால் நமக்கு வேண்டும் என்பதே தெரியாத ஒன்றை எடுத்து, "உக்காருங்க, இதைக் கேளுங்க" என்று அதட்டிக் கேட்க வைக்க ஒரு மனிதர் தேவைப்படுகிறார். அவர் நம்மைவிட ஆயிரம் பாட்டு அதிகம் கேட்டவராக இருக்க வேண்டும். நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டு முடிந்ததும் ஒன்றும் கேட்காமல் தட்டை உறையில் போட வேண்டும். கடையிலே வேறு யாராவது இருந்தால் அவர்களும் கூடக் கேட்பார்கள். மளிகைக் கடைக் கணக்கரும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து தோடி கேட்பதை அங்கேதான் பார்த்தேன்.

கடையில் உள்ள தட்டுகளில் பாதிக்கு மேல் ஒலிபெருக்கிக்காரர்களிடமிருந்து வந்தவை. கல்யாணம், கோயில் கொடை, பூப்புனித நீராட்டு எதுவானாலும் மரத்தின் மேல் குழாயைக் கட்டிப் பாட்டுப் போடுகிறவர்கள் இவர்கள். ஊருக்கு ஊர் இருந்தார்கள். புதுப் படம் வந்தால் முதல் தட்டு யாரிடம் என்று இவர்களுக்குள் போட்டி நடக்கும். காஸெட் வந்தபோது தட்டுகள் பரணுக்குப் போயின. பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது பழைய பேப்பர் கடைக்குப் போயின. அங்கிருந்து அண்ணாச்சி மீட்டுக்கொண்டு வந்தார், சைக்கிளில் வைத்து. தட்டின் நடுவில் ஒட்டியுள்ள காகிதத்திலே இன்னும் சில ஒலிபெருக்கிக்காரர்களின் ரப்பர் முத்திரை இருக்கிறது: வள்ளியூர், நாங்குநேரி, ஆலங்குளம், முக்கூடல். ஜில்லாவின் வரைபடமே அந்த அலமாரியில் இருக்கிறது.

தட்டு விற்கும் கடை என்றால் சாமானியமாக எண்ணிவிடக் கூடாது. காரைக்குடியிலே தகப்பனாரின் கடையில் கிராமபோன் தட்டு விற்றுக்கொண்டிருந்த ஓர் இளைஞர், தட்டை விற்பதைவிடத் தட்டை உண்டாக்குவது மேல் என்று எண்ணிச் சென்னைக்குப் போனார். கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று ஆரம்பித்து, ஓடியன் கம்பெனிக்காகத் தமிழ்ப் பாட்டுக்களைப் பதிவு செய்தார். அவர்தான் பிற்காலத்தில் சினிமா உலகத்தில் புகழ் பெற்ற ஏ. வி. மெய்யப்பன். பாரதியார் பாடல்களைத் தட்டிலும் சினிமாவிலும் பாடும் உரிமை அவரிடம் வந்து சேர்ந்தது. அதனால் வேறொருவர் தம் படத்தில் பாரதி பாட்டைச் சேர்க்க முடியாமல் வழக்கு வரை போயிற்று. தேசமே பாடிய பாட்டு ஒருவரின் பீரோவுக்குள் பூட்டியிருப்பதா என்று கிளர்ச்சி எழுந்தது. 1949-இல் சென்னை சர்க்கார் பாரதியின் எழுத்துக்களைப் பொதுச் சொத்தாக்க முன்வந்தபோது, மெய்யப்பன் தம் வசமிருந்த உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக் கொடுத்தார். அண்ணாச்சி கடையில் 1947-ஆம் வருஷத்து 'நாம் இருவர்' படத்துக்காக டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுத் தட்டு இருக்கிறது. அதை எடுக்கும்போதெல்லாம் இந்தக் கதையை அவர் சொல்லாமல் விடுவதில்லை. நானும் முதல் தடவை கேட்கிறவனைப் போலவே ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன்.

இந்த ஆனி மாதம் நான் போனது சும்மா கேட்டுவிட்டு வருவதற்காக அல்ல. எனக்குக் கிட்டப்பாவின் தட்டு ஒன்று வேண்டியிருந்தது.

செங்கோட்டையில் என் அத்தை இருக்கிறாள். வயது எண்பத்தெட்டு. அவளுடைய தகப்பனார், அதாவது என் தாத்தா, கிட்டப்பாவின் பாட்டைக் கொட்டகையில் நேரே கேட்டவர். ஒரே ஊர்க்காரர் என்ற பெருமை வேறு. எஸ். ஜி. கிட்டப்பா 1906-இல் செங்கோட்டையில் பிறந்து, சிறு பையனாக நாடக மேடை ஏறி, ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரை குரலைக் கொண்டு சேர்த்தவர். 1933 டிசம்பரில், இருபத்தேழாவது வயதில் காலமாகிவிட்டார். பேசும் படம் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. அவர் அதில் நடிக்கவில்லை. கே. பி. சுந்தராம்பாள் இருபத்தைந்து வயதில் வெள்ளைக் கதர் உடுத்திக்கொண்டார். கிட்டப்பா என்று நமக்கு மிஞ்சியிருப்பது தட்டுகளில் உள்ள குரல் மட்டுமே.

தாத்தா ஒரு தட்டு வைத்திருந்தார். திருவருட்பா விருத்தம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் போடுவார். அத்தைக்கு ஏழு வயது. ஒரு நாள் யாரும் இல்லாத சமயம் முக்காலி போட்டு ஏறி, தானே பெட்டிக்குச் சாவி கொடுக்கப் போனாள். தட்டு கை நழுவிற்று. அரக்குத் தட்டு கீழே விழுந்தால் பீங்கான் கிண்ணத்தைப் போலத்தான். தாத்தா வந்தார், பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. துண்டுகளைப் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்தார். அது இரண்டாவது உலகப் போர்க் காலம். அரக்கு யுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தட்டு கிடைப்பது அருமை. போர் முடிந்த பிறகும் அவர் வேறு தட்டு வாங்கவில்லை. பெட்டியையும் திறக்கவில்லை. "ரெண்டு அடி போட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்" என்று அத்தை என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருக்கிறாள்.

சென்ற வருஷம் இதே விருத்தத்தைக் கைப்பேசியில் தேடி எடுத்து அவள் காதருகே பிடித்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு எண்ணம். மரியாதையாகக் கடைசி வரை கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கல்யாண வீட்டில் பிடிக்காத பதார்த்தத்தைப் பற்றிச் சொல்வோமே, அந்தக் குரல்.

அண்ணாச்சியிடம் விஷயத்தை முழுவதும் சொல்லவில்லை. கிட்டப்பா விருத்தம் இருக்கிறதா, என்ன விலையானாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அதுதான் தப்பு. விலை என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இருக்கு. ஆனா விக்கிறதுக்கு இல்ல" என்றார்.

"ஒன்றுதானா அண்ணாச்சி?"

"ஒண்ணுதான். அதுலயும் ஒரு கீறல் விழுந்திருக்கு. நான் கண்ணை மூடுறவரைக்கும் இங்கதான் இருக்கும். வேணும்னா உக்காந்து கேட்டுட்டுப் போங்க. யாருக்கு அது?"

அத்தையின் கதையைச் சொன்னேன். முக்காலியையும் தாத்தாவையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த வாத்தியாரும் பேசவில்லை. சற்று நேரம் அண்ணாச்சி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏணியைப் போட்டு ஏறினார். அவருக்கும் எண்பது நெருங்குகிறது, நான் ஏறுகிறேன் என்றதற்கு, "உங்களுக்கு எது எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டார்.

தட்டைக் கொண்டுவந்து, பழைய பத்தமடைப் பாய் ஒன்றின் துண்டிலே சுற்றினார். பட்டைப் போல் மெல்லிய கோரைப் பாய். அதை ஒரு மரப் பெட்டியில் செங்குத்தாக வைத்தார். கையில் தூக்கிப் போகும் சின்ன கிராமபோன் பெட்டி ஒன்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். ஊசி டப்பா ஒன்று.

"ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. ரெண்டாம் பக்கத்துக்குப் பழைய ஊசியைப் போட்டிய, தட்டு தேஞ்சு போவும். வெயில்ல வைக்கக் கூடாது, அப்பளமா வளைஞ்சிரும். ஞாயித்துக்கிழமைக்குள்ள என் கைக்குத் திரும்பி வந்திரணும். அவுக கேக்கட்டும்."

"பணம்?"

"ஊசிக்கு மட்டும் குடுங்க."

மறுநாள் காலையில் செங்கோட்டைப் பாஸஞ்சரில் ஏறினேன். மரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்குச் சுமார் 50 மைல். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தப் பாதையில் நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆனால் மடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு போனபோதுதான், வழியில் வரும் ஸ்டேஷன்களின் பெயர்கள் அண்ணாச்சியின் அலமாரியிலே பார்த்த பெயர்கள் என்பது உறைத்தது.

பேட்டை தாண்டியதும் வயல்கள். பொதிகையிலே பிறந்து, சுமார் 80 மைல் ஓடி, புன்னைக்காயலில் கடலில் கலக்கும் தாமிரபரணி, இந்தச் சிறு தூரத்துக்குள் எத்தனை அணைக்கட்டும் கால்வாயும் கண்டிருக்கிறது! கன்னடியன் கால்வாய் பாயும் பக்கத்தில் கார் நடவுக்கு நாற்று நின்றது. மேற்கே மலை மறைந்திருந்தது, சாரல் இறங்கியிருந்தது. சேரன்மகாதேவிக்கு அடுத்து ஒரு சின்ன ஸ்டேஷன். வண்டி ஒரு நிமிஷம் நின்றது. பலகையில் காருகுறிச்சி என்று எழுதியிருந்தது.

மண்பாண்டத்துக்குப் பெயர் போன ஊர். இங்கே 1921-இல் பிறந்த அருணாசலம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சிஷ்யராகச் சேர்ந்து, குருவின் பக்கத்திலே நின்று வாசித்து வளர்ந்தார். ராஜரத்தினத்தின் தோடித் தட்டு தமிழ்நாடெங்கும் பரவியபோது அதைக் கேட்டவர்கள் காவேரிக் கரையின் நாதம் என்றார்கள். அதைத் தாமிரபரணிக்குக் கொண்டுவந்தவர் இவர். 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' படத்திலே எஸ். ஜானகியின் குரலுக்கு ஈடுகொடுத்து வாசித்த ஆபேரி, நாதஸ்வரம் கேட்டறியாத வீடுகளிலும் நுழைந்தது. இரண்டே வருஷத்தில், 1964-இல், நாற்பத்து மூன்று வயதுகூட நிறையாமல் போய்விட்டார். இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு தோஷம் இருக்கிறதோ என்று சில சமயம் எனக்குத் தோன்றும். இதன் பாட்டுக்காரர்கள் அவசரமாகப் போய்விடுகிறார்கள்.

கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே வண்டி ஆற்றைக் கடக்கிறது. தண்ணீர் தெளிவாக ஓடிற்று. படித்துறையில் யாரோ துவைத்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் மேல் வண்டி ஆடியபோது பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டேன். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள், "குழந்தைக்குக் கேக்கா?" என்று கேட்டாள்.

கீழக்கடையம் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் கடையம். செல்லம்மாள் பிறந்த ஊர். பாரதியார் 1918 கடைசியில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்து, இரண்டு வருஷ காலம் இங்கே வாழ்ந்தார். பாடிக்கொண்டே நடக்கும் மனிதர். கம்பீரமான குரல் என்று கேட்டவர்கள் எல்லோரும் எழுதிவைத்திருக்கிறார்கள். 1902 முதல் இந்தியாவில் தட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாரதியார் இருந்தது 1921 வரையில். நடுவிலே பத்தொன்பது வருஷம். எத்தனையோ பேருடைய குரலை எடுத்தார்கள். அவருடைய குரலை ஒருவரும் எடுக்கவில்லை. மூன்று நிமிஷம் போதும். ஒரே ஒரு பக்கம் போதும். அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து நான் அதிகமாக நினைப்பது இருக்கிற தட்டுகளைப் பற்றி அல்ல, இந்த இல்லாத தட்டைப் பற்றித்தான்.

தென்காசி தாண்டிச் செங்கோட்டை. 1956 நவம்பர் வரை இது திருவிதாங்கூர்ச் சீமையோடு இருந்த ஊர். கிட்டப்பாவைத் தமிழ்நாடு தன் பாட்டுக்காரராகக் கொண்டாடியபோது, அவருடைய ஊர் மாகாணத்துக்கு வெளியே இருந்தது என்பது ஒரு வேடிக்கை. இறங்கியபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வெயில் இல்லை என்று எனக்கு ஒரே நிம்மதி.

அத்தை திண்ணையில் இருந்தாள். "வாடா, சாப்பிட்டியா? என்ன அது பெட்டி?" என்றாள். நான் பதில் சொல்லாமல் கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்தேன். சாவி கொடுத்தேன். புது ஊசி மாட்டினேன். பாயைப் பிரித்துத் தட்டை வைத்தேன். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள், கிட்டே வரவில்லை.

ஊசி தட்டைத் தொட்டதும் அந்த இரைச்சல் வந்தது, எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதற்கு முன் கேட்குமே, அது போல. பிறகு ஹார்மோனியம். பிறகு அந்தக் குரல், ஏணி இல்லாமலே மாடிக்கு ஏறுகிற குரல். கீறல் விழுந்த இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்'. நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு 'டக்'. எனக்கு அது பெரிய இடைஞ்சலாக இருந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். விரல் மட்டும் கதவின்மேல் அசைந்தது. அது தாளத்துக்கா, அந்த 'டக்'குக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

முடிந்தது. ஊசி உள்வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"தூக்குடா ஊசியை. தேயப் போறது" என்றாள்.

தூக்கினேன். அவள் மெதுவாகக் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். தட்டின் விளிம்பிலிருந்து உள்ளே ஓடும் கீறலின்மேல் விரல் படாமல் ஒரு கோடு போட்டாள்.

"இது யார் உடைச்சது?"

"தெரியாது, அத்தை."

"ஏதாவது குழந்தையாத்தான் இருக்கும்" என்றாள். கொஞ்சம் சிரித்தாள். "மறுபக்கம் போடு. ஊசியை மாத்து."

நான் மறந்துவிட்டிருந்தேன். அவள்தான் ஞாபகப்படுத்தினாள். எண்பத்தொரு வருஷத்துக்கு முன் தாத்தா சொல்லிக் கொடுத்த பாடம்.

அன்று சாயங்காலம் எதிர் வீட்டுக் குழந்தைகளும் வந்து சேர்ந்துவிட்டார்கள். மறுபடியும் இரண்டு பக்கமும் போட்டோம். சின்னப் பையன் ஒருவன் பெட்டிக்குச் சாவி கொடுக்க வேண்டும் என்று அடம் பிடித்தான். அவன் அம்மா வேண்டாம் என்று அதட்டினாள். அத்தை, "கொடுக்கட்டும், நான் பிடிச்சுக்கறேன்" என்று தட்டின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நெல்லையில் அண்ணாச்சி கடையில் இருந்தேன். அவர் நலம் விசாரிக்கவில்லை. முதலில் தட்டை வாங்கி, விளக்குக்கு நேரே பிடித்து, இரு பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஊசி டப்பாவைத் திறந்து எண்ணினார். எத்தனை தடவை போட்டோம் என்பதை மனத்துக்குள் கணக்கிட்டார் போலிருக்கிறது. "ஊசியை ஒழுங்கா மாத்தியிருக்கிய" என்றார். ஏணியில் ஏறித் தட்டை அதன் இடத்தில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"அவுக என்ன சொன்னாக?"

சொன்னேன். பெஞ்சில் இருந்த வாத்தியார் சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அண்ணாச்சி வேறொரு தட்டை உறையிலிருந்து உருவி, துணியால் துடைத்து, பெட்டியில் வைத்தார். என்ன தட்டு என்று கேட்டேன்.

"உக்காருங்க. கேட்டுப்பிட்டுப் பேசுங்க" என்றார்.